அவர் வீட்டுக் கடலும் என் வீட்டு மில்லும்

புத்தகம் வாங்குவதில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எனக்கான புத்தகத்தை என் வீட்டுக்காரர் எடுப்பார், அவருக்கானதை நான் எடுப்பேன். அதிலும் ஒரு கணக்கு உண்டு. அவர் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. நான் புளியந்தோப்பில் பிறந்த மில் தொழிலாளி மகள். ஆகவே கடலைப் பற்றி எழுதியது எதுவானாலும் அதை நான் படிக்க வேண்டும். மில்லைப் பற்றியும் எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றியும் எழுதியதை அவர் படிக்க வேண்டும். முடித்ததும் யார் யாரை வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

இதை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். நந்தனம் புத்தகக் காட்சியில் கடல் நாவல் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். "எங்க வூட்டு சமாச்சாரத்த நான் படிச்சி இன்னா ஆவப்போது? நீ படி. படிச்சிட்டு என்னக் கேளு" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் கடலைப் பற்றிப் பேசியது மீன் விலையும் புயல் எச்சரிக்கையும்தான். மில்லைப் பற்றிப் பேசியது அதைவிடக் குறைவு.

நான் படிப்பது பெரும்பாலும் மெட்ரோவில். தண்டையார்பேட்டையில் ஏறினால் ஆயிரம் விளக்கு வரைக்கும் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். 2021இல் இந்தப் பக்கம் மெட்ரோ வந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்தப் படிக்கிற நேரம்தான். அவர் படிப்பது பஸ்ஸில். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் பஸ் அசையாது. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். பேசுவதெல்லாம் ராத்திரி மொட்டை மாடியில், பிள்ளை தூங்கிய பிறகு.

முதலில் நான் எடுத்தது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977இல் வந்த நாவல், ஒல்லியான புத்தகம், மணப்பாட்டுக் கரையில் நடக்கிற கதை. குரூஸ் மிக்கேல் வல்லம் என்கிற நாட்டுப் படகு வைத்திருக்கிறவர். வாத்தியார் வேலை பார்க்கிற மகன் செபஸ்தி, வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். அவருக்கு மனம் வரவில்லை. ஊரிலோ வல்லக்காரர்களுக்கும் இன்ஜின் வைத்த லாஞ்சுக்காரர்களுக்கும் பகை முற்றிக்கொண்டே போகிறது. இதற்கு நடுவில் மகள் பிலோமி, அவள் காதல், அவள் அம்மா மரியம்மை, மரியம்மைக்கும் வாத்தி என்கிற வேறொருவருக்கும் இடையில் இருக்கிற அந்தப் பேர் வைக்க முடியாத பிரியம்.

மரியம்மையை எழுதியிருக்கும் விதத்தில்தான் எனக்கு வண்ணநிலவன் மேல் மரியாதை பல மடங்கு கூடியது. கட்டிய புருஷன் இருக்க இன்னொருவர் மேல் மனம் வைத்த பெண்ணை நம் கதைகளில் சும்மா விட மாட்டார்கள். ஊர் வாயில் போட்டு மெல்லுவார்கள், இல்லாவிட்டால் எழுதுகிறவரே புத்தி சொல்ல வந்துவிடுவார். இங்கே அது எதுவும் கிடையாது. அந்தப் பிரியமும் அந்த வீட்டில் ஒரு சாமான் மாதிரி இருக்கிறது. பெற்ற மகளே அதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு வளர்கிறாள். 1977இல் இதை இவ்வளவு சாந்தமாக ஒரு ஆண் எழுதியிருக்கிறாரே என்று நான் மாடியில் சத்தமாகவே சொன்னேன்.

அவருக்கு ஒரு குறை. "எல்லாம் சரி, கடல் கம்மியா கீதே" என்றார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு அவரும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்திருந்தார். கதை பெரும்பாலும் கரையிலேயே நிற்கிறது என்பது அவர் கட்சி. மீனவன் வாழ்க்கையில் பாதி தண்ணீருக்கு மேலே நடக்கிறது, அந்தப் பாதி எங்கே என்று கேட்டார். அந்தப் பாதியை நீங்கள் யாருமே வீட்டுக்கு வந்து சொன்னதில்லையே, கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த பாதி இதுதானே என்று நான் கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. மறுநாள் அலமாரியில் இருந்து ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' நாவலை எடுத்து என் மடியில் வைத்தார்.

அது பெரிய புத்தகம். மெட்ரோவில் நின்றுகொண்டு ஒரு கையில் பிடித்துப் படிக்க முடியாது. அதனால் தடைக்காலத்துக்கு என்று எடுத்து வைத்தேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் போட்டெல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜின் இறக்குவார்கள், வலை பிரித்துப் பின்னுவார்கள். இவருடைய அண்ணன் விசைப்படகில் போகிறவர். சாதாரண நாளில் போனால் கரைக்குத் திரும்ப நாள்கணக்காகும். தடைக்காலத்தில்தான் அவரை நிம்மதியாக வீட்டில் பார்க்க முடியும். சாயங்காலம் எங்கள் மாடிக்கு வலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், எங்களுக்குக் காற்று நன்றாக வரும் என்று.

அவர் அதிகம் படிக்காதவர். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு முனகுவதைப் பார்த்து, "வாய் விட்டுப் படியேம்மா, நானும் கேக்கறேன்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. நாவலில் 1985ஆம் வருஷத்தில் கட்டுமரம் உடைந்து மூன்று பேர் நடுக்கடலில் மிதக்கிறார்கள்: தொம்மந்திரை, சூசையார், சிலுவை. மூன்று வயது, மூன்று தலைமுறை என்றே சொல்லலாம். அவர்கள் தண்ணீரில் கிடக்கிற கதை ஒரு பக்கம் போகும். இன்னொரு பக்கம் 1933இல் தொடங்கி ஆமந்துறை என்கிற ஊரின் கதை வளர்ந்துகொண்டே வந்து 1985ஐத் தொடும். தெற்கத்திப் பரதவர் பேச்சு எங்களுக்குப் புதுசு. கண்ணால் படிக்கும்போது தடுக்கிற இடமெல்லாம் வாய்விட்டுப் படித்தால் ஓடிவிடுகிறது. நான் தடுமாறினால் அண்ணன் எடுத்துக் கொடுப்பார். உவரிக்காரர் எழுதிய வரியைக் காசிமேட்டுக்காரர் எடுத்துக் கொடுத்ததைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வலை பின்னுகிறவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கால் கட்டைவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்து விறைப்பாக வைத்துக்கொள்வார்கள். இடது கையில் வலைக் கண்ணின் அளவு, வலது கையில் நைலான் நூல் சுற்றிய ஊசி. ஊசி உள்ளே போய், சுற்றி, வெளியே வந்து ஒரு இழு. அந்த இழுப்பில் ஒரு சின்னச் சத்தம் வரும். அண்ணன் பேசிக்கொண்டே செய்வார், டிவி பார்த்துக்கொண்டே செய்வார், சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். மூன்று பேரும் மிதக்கிற அத்தியாயங்களை நான் படித்தபோது மட்டும் அது விட்டு விட்டு வந்தது. தாகம், உப்பு, தோல் உரிகிறது, சுறா பயம். ஒருநாள் நடுவில் நிறுத்திவிட்டு, "பசங்களுக்கு எதிர்ல இத்தப் படிக்காத" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அண்ணனும் ஒரு முறை மிதந்திருக்கிறார். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும் என்றாலும், அதை அவர் வாயால் சொல்லி என் வீட்டுக்காரரே கேட்டதில்லை. புத்தகம் முடிகிற வாரத்தில் தானாகச் சொன்னார். பெரிசாக ஒன்றும் இல்லை என்கிற மாதிரிதான் சொன்னார். பைபர் போட் கவிழ்ந்தது, கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள், விடியும் முன்னால் வேறு போட்டு வந்தது. ராத்திரி எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையத்து வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்ததாம். கரை தெரிகிறது, போக முடியவில்லை. "அது தெரியாம இருந்தாவே தேவல" என்றார். நாவலில் யார் கரை சேர்கிறார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். படிக்கப் போகிறவர்கள் அந்தக் கடைசிப் பக்கங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்ச் சேர வேண்டும்.

சரி, எது பெரிய நாவல்? இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் வீட்டுக்காரர் கண்டிப்பாக ஆழி சூழ் உலகு என்கிறார். அரை நூற்றாண்டில் ஒரு கடற்கரை எப்படி மாறுகிறது, சாமியார், வியாபாரி, சண்டை, சாதி எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது, அத்தனையும் கடலில் நின்று பார்த்த கண்ணோடு வருகிறது என்பது அவர் வாதம். கட்டுமரமே இனி புத்தகத்தில்தான் என்றும் சொன்னார். அது நிஜம். அந்த நாவல் வந்த 2004ஆம் வருஷம் டிசம்பரில்தான் சுனாமியும் வந்தது. அதற்குப் பிறகு நிவாரணமாகக் கரை முழுக்க பைபர் படகுகள் வந்து இறங்கின. மரம் கட்டுகிற கை எங்கள் பக்கம் இன்று எத்தனை பேருக்கு இருக்கும்?

நான் கடல்புரத்தில் பக்கம்தான். ஆழியில் பெண்கள் நிறையவே வருகிறார்கள், மறக்க முடியாதவர்களும் உண்டு. ஆனால் கடலில் ஆண் தத்தளிக்கிற ஒரு ராத்திரிக்குக் கொடுத்த நிதானத்தை, கரையில் அவன் வீட்டில் கழிகிற ராத்திரிக்கும் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வண்ணநிலவன் மெலிந்த புத்தகத்தில் அந்த ராத்திரிகளைத்தான் எழுதினார்.

இரண்டிலும் நான் தேடிக் கிடைக்காத ஆள் ஒருத்தி உண்டு. அவள் எங்கள் அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா. அத்தை மாதிரி ஒரு கூடைக்காரி நடுநாயகமாக இருக்கிற பெரிய நாவல் தமிழில் வர வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன். விடியற்காலை இருட்டோடு ஏலத்துக்குப் போக வேண்டும். கையில் காசு இருக்காது, தண்டலுக்கு வாங்கின காசு. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கூடையை ஏலத்தில் எடுத்துப் பங்கு பிரிப்பார்கள். ஐஸ் உடைத்துப் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு சூரியநாராயண செட்டித் தெரு வழியாக வண்ணாரப்பேட்டை, மின்ட் வரைக்கும் நடை. நாற்றம் என்று பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களாம். சாயங்காலம் தண்டல்காரர் வாசலில் நிற்பார். விற்காத மீனை என்ன செய்வது, எந்த வீட்டில் கடன் சொல்வார்கள், எந்த வீட்டில் செத்த மீன் என்று சொல்லியே விலையைக் குறைப்பார்கள் என்பதெல்லாம் அத்தைக்கு மனப்பாடம்.

கடல்புரத்தில் கதையை நான் சமையலறையில் அத்தையிடம் சுருக்கமாகச் சொன்னேன். லாஞ்சுக்கும் வல்லத்துக்கும் சண்டை என்றதும், "இங்க மட்டும் இன்னா வாய்தாம்?" என்றார். பெரிய போட்டுகள் கரைப் பக்கம் வந்து வலை இழுத்தால் சின்ன பைபர்க்காரன் வலையில் ஒன்றும் விழாது என்கிற சண்டை இன்றைக்கும் நம் கரையில் இருக்கிறது. அத்தையின் ஒரு மகன் விசைப்படகில் போகிறார், தம்பி மகன் பைபரில் போகிறான். குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது தம்பி மகனின் வலை அத்தனையும் கறுப்பாகித் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. அத்தை அதைத்தான் முதலில் எடுத்துப் பேசினார். "இத்த எவனாவது எழுதினானா?" என்று கேட்டார். எழுத வேண்டும்.

அடுத்தது என் வீட்டுக்காரர் படித்தது. தே. வீரராகவன் எழுதிய 'சென்னைப் பெருநகரத் தொழிற்சங்க வரலாறு'. அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பித்ததிலிருந்து இருபது வருஷத்துச் சரித்திரம். பெரம்பூரில் வெள்ளைக்காரர்களின் பின்னி கம்பெனி நடத்திய பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள், சங்கத் தலைவர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார். அந்நாளைய வேலை நேரம், கூலி, வேலைநிறுத்தம், கதவடைப்பு. கதை மாதிரி ஓடாது. ஆவணத்தை அடுக்கி அடுக்கிச் சொல்லிக்கொண்டு போகிற ஆராய்ச்சி. ஆனால் வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு என்று தெருப் பேரெல்லாம் தெரிந்த ஆளுக்கு அதை மூடி வைக்க முடியாது. இவர் பென்சிலோடு படித்தார். ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருப்பார், ராத்திரி என்னிடம் வரும்.

வீரராகவன் கண் பார்வை இல்லாதவர். சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்தார். ஆவணங்களையும் பழைய பத்திரிகைகளையும் பிறர் படித்துக் காட்டக் கேட்டே இந்த ஆராய்ச்சியைச் செய்து முடித்தார். இதைத் தெரிந்துகொண்ட அன்று இவர் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்தப் புத்தகத்தின் முக்கியமான பகுதிகளையும் அவர் வாய்விட்டுத்தான் படித்தார். நான் கேட்டேன்.

எங்களுக்குள் நிஜமாகவே வாக்குவாதம் முற்றியது 1921ஐப் பற்றித்தான். அந்த வருஷத்து வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. இவருக்குத் தொழிற்சங்கத்தின் மேல் பெரிய பற்று. துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா சங்கத்துக்காரர். "எல்லாரும் ஒண்ணா நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டார். கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் ஆயா வழியில் வந்த பேச்சு வேறு. ஆயாவுக்கு அவங்க ஆயா சொன்னது. குடிசை எரிந்தது, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது, யார் கொளுத்தியது என்று தெரிந்தும் பிறகு அவர்கள் பக்கத்திலேயே மறுபடி வேலை பார்த்தது. அந்தப் பேச்சில் சங்கம், தலைவர், ஒற்றுமை எதுவும் வராது. நான் அவரிடம் கேட்டேன்: ஒன்றாக நிற்கச் சொன்னவர்கள் அதற்கு முந்தின நாள் வரை தண்ணீர்ப் பானையை ஒன்றாகத் தொட விட்டார்களா? மாதக்கணக்கில் கூலி இல்லாமல் தாங்குவதற்கு ஒருவனுக்குச் சொந்த ஊரில் கொஞ்சம் நிலமோ, கடன் கொடுக்கச் சொந்தக்காரரோ இருக்க வேண்டும். எதுவும் இல்லாதவன் எத்தனை நாள் நிற்பான்? எம்.சி. ராஜா மாதிரித் தலைவர்கள் அந்த மக்களுக்காகப் பேசியதை வெள்ளைக்காரன் தந்திரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியுமா?

அவர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். மாமனாரும் மருமகனும் மத்தியானம் பூராவும் பேசியிருக்கிறார்கள். அப்பா இருந்தது தறிப் பிரிவில். 1921 அவர் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்தது. ஆனால் அதன் மிச்சம் அவர் காலத்திலும் இருந்ததாம். சாப்பிட உட்காருகிற இடம், சீட்டுப் பிடிக்கிற ஆட்கள், சங்கத் தேர்தலில் யாருக்கு யார் ஓட்டு என்பதெல்லாம் தெருவைப் பொறுத்துதான் என்று சொல்லியிருக்கிறார். அதே அப்பா, சங்கம் இல்லாவிட்டால் எனக்குப் படிப்பு இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாராம்.

இன்னொன்றும் சொன்னார். தறி ஓடும்போது காது கேட்காது. பேச வேண்டும் என்றால் எதிராளி உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். சூப்பர்வைசர் எதிரிலேயே சத்தமில்லாமல் சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பார்களாம், உதட்டை அசைத்தே. அப்பா நம்மோடு பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அது அவர் குணம் என்றிருந்தேன். அதன் காரணத்தை என் வீட்டுக்காரர் வந்து எனக்குச் சொன்னார். ஒரு ஆராய்ச்சிப் புத்தகம் எங்கள் வீட்டில் செய்த வேலை இது. அதன் ஆசிரியர் 2009இல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

1921ஐப் பற்றி இப்போதும் நாங்கள் முழுக்க ஒத்துப்போய்விடவில்லை. அவர் சங்கம் தோற்றதை முதலில் பார்க்கிறார், நான் குடிசை எரிந்ததை முதலில் பார்க்கிறேன். ஆனால் அவர் கேள்வி மாறிவிட்டது. "ஒண்ணா நிக்கலையே" என்றவர், இப்போது "ஒண்ணா நிக்கறதுக்கு இவனுங்க இன்னா செஞ்சாங்க" என்று கேட்கிறார்.

நடுவில் ஆபீஸ் சிநேகிதி கொடுத்த, சீக்கிரம் பணக்காரராவது எப்படி என்கிற மொழிபெயர்ப்புப் புத்தகம் ஒன்றும் வந்தது. இருவரும் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசியாக இருவரும் சேர்ந்தே படித்தது இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். ரேவதி இன்ஜினியரிங் படித்த பெண். அப்பா நடேசன் தலைமை ஆசிரியர், வசதியான வீடு. அவள் பர்மா அகதிக் குடும்பத்துப் பையன், ஆட்டோ ஓட்டுகிற ரவியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்று கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறாள். அந்தத் தீக்காயப் பிரிவு வாசலில்தான் பெரும்பாலான கதை நடக்கிறது. அப்பாவிடம் இப்போது எவ்வளவு பணம் வேண்டுமானாலும் இருக்கிறது, செலவழிக்கத் தயாராக இருக்கிறார், ஆனால் அது எதற்கும் உதவவில்லை.

எங்களுடையதும் வீட்டை எதிர்த்துச் செய்த கல்யாணம். சாதி வேறு. அதனால் இந்த நாவலைப் பற்றி நாங்கள் உடனே பேசவில்லை. நான் முடித்துவிட்டு மேஜையில் வைத்தேன், அவர் எடுத்துக்கொண்டு போனார், முடித்துவிட்டு அலமாரியில் வைத்தார். பிறகு ஒருநாள் வியாசர்பாடிப் பக்கம் போய்விட்டு வரும்போது அத்தோ சாப்பிட நின்றோம். வடசென்னையில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களே உண்டு. கடைக்காரர் நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த பூண்டும் போட்டுக் கையால் பிசைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் இவர் ஆரம்பித்தார். "அந்தப் பையன ஊட்ல ஒருத்தரும் பேரு சொல்லிக் கூப்டல பாத்தியா. பர்மாக்காரன், பர்மாக்காரன்னே..." என்றார்.

அவருக்கு ரவியின் மேல் இரக்கம் இருந்தது. செய்ததற்கு இல்லை. குடி, அடி, எதையும் அவர் நியாயப்படுத்தவில்லை. கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவனை ஒரு ஆளாகவே எண்ணாத வீட்டின் மேல் அவருக்குக் கோபம். நாவலின் பிற்பகுதியில் ரவியும் பேசுகிறான், இமையம் அவனைப் பேச விடுகிறார். அந்தப் பக்கங்களில்தான் புத்தகம் நிற்கிறது என்கிறார் இவர்.

எனக்கு அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக முடியவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. அவன் எத்தனை பேசினாலும் ரேவதி பேசுவது கொஞ்சம்தான். அவளைச் சுற்றி எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்: அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, பக்கத்துப் படுக்கைக்காரர்கள். அந்த வாசலில் காத்திருக்கிறவர்களின் பேச்சை இமையம் எழுதியிருப்பதைப் போல இதற்கு முன் நான் படித்ததில்லை. ஒருத்தி சாகக் கிடக்கும்போதும் யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்கிற கணக்கு ஓடும். அது அன்பு இல்லாததால் வருவது இல்லை, என்ன செய்வதென்று தெரியாததால் வருவது. எங்கள் தெருவில் ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ரேவதி ஏன் திரும்ப அப்பா வீட்டுக்கு வரவில்லை என்பதுதான் என் கேள்வி. வந்தால் "நாங்க அப்பவே சொன்னோமே" என்கிற ஒரு வாக்கியம் வாசலில் நிற்கும். அந்த வாக்கியத்துக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் அடி வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

இதை நான் சொன்னபோது அவர், "உங்கம்மா அப்படிச் சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அடுத்த முறை புளியந்தோப்புக்குப் போனபோது அம்மாவிடமே கேட்டுவிட்டேன். நான் கல்யாணமான புதுசில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "சோறு துன்னியான்னு கேட்டிருப்பேன்" என்றாள். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் உங்கப்பன் இன்னா சொல்றாருன்னு பாத்துக்கினு சொல்லியிருப்பேன்." அதை வந்து இவரிடம் சொன்னேன். நடேசனின் மனைவி அமராவதியை இனி நான் வேறு மாதிரிதான் படிப்பேன் என்று இவர் சொன்னார்.

பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இந்த நாவலைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் பேதம் இல்லை. இருவரும் படிக்க வேண்டும். அப்பா மட்டும் படித்தால் தன் பணத்தைப் பற்றிய கதையாக எடுத்துக்கொள்வார்.

வரும் புத்தகக் காட்சிக்கு எடுக்க வேண்டியதையும் பேசிவிட்டோம். அவர் என் மடியில் வைக்கப் போவது ஜோ டி குருஸின் 'கொற்கை'. தூத்துக்குடியும் தோணிகளும், ஆழியைவிடப் பெரிய புத்தகம். அண்ணன் அதை அடுத்த தடைக்காலத்துக்கு இப்போதே எழுதி வைத்துவிட்டார், ஏப்ரல் 15 அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டுமாம். நான் என் வீட்டுக்காரருக்கு எடுக்கப் போவது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. குழாயடியில் குடத்தோடு நிற்கிற சென்னைப் பெண்களின் கதை. அது எங்கள் பக்கத்துக் கதை இல்லை. இருந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அடிபம்பில் தண்ணீர் அடித்த காலம் எனக்கு உண்டு, அத்தைக்கும் உண்டு. இவருக்கு இல்லை. இவர் வீட்டில் தண்ணீர் பிடித்தது எப்போதும் அக்காமார்கள்தான். ஜமுனாவையும் சாயாவையும் அந்த டீச்சரம்மாவையும் படித்துவிட்டு என்னிடம் என்ன கேட்கப் போகிறார் என்று பார்க்க வேண்டும். அத்தையும் கேட்க வருவதாகச் சொல்லியிருக்கிறார், வெற்றிலையைக் குறைக்கச் சொல்லி யாரும் நடுவில் பேசக் கூடாது என்கிற நிபந்தனையோடு.